தெரபி நாயோடு தன்னார்வப் பணி: உங்கள் நாய்க்கு அதில் விருப்பம் இருக்கிறதா?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். பத்து மாத ஆண் லாப்ரடார். யாரைப் பார்த்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு போய் ஒட்டிக்கொள்கிறான். அவனைத் தெரபி நாயாக மருத்துவமனை, முதியோர் இல்லம் போன்ற இடங்களுக்குக் கூட்டிப்போய் அங்கிருப்பவர்களுக்கு ஆறுதலாக இருக்க முடியுமா, அதற்கு என்ன பயிற்சி வேண்டும், நோயாளிகளுக்கு இதனால் உண்மையிலேயே பலன் உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பலன் உண்டு. அதை எந்த அளவுக்குச் சொல்லலாம் என்பதில் மட்டும் கவனம் வேண்டும். லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழக மருத்துவமனையில், இதயச் செயலிழப்பால் அனுமதிக்கப்பட்டிருந்த 76 பேரிடம் நடத்திய ஒரு ஆய்வு 2007-இல் வெளியானது. ஒரு குழுவினரை நாயோடு ஒரு தன்னார்வலர் 12 நிமிடம் வந்து பார்த்தார். இன்னொரு குழுவுக்குத் தன்னார்வலர் மட்டும் வந்தார். மூன்றாவது குழுவினர் வழக்கம்போல் படுத்திருந்தார்கள். நாய் வந்துபோனவர்களுக்குத்தான் பதற்றம் அதிகம் குறைந்தது. நுரையீரல் இரத்தக்குழாயில் அழுத்தமும், மன அழுத்தத்தின்போது சுரக்கும் எபிநெஃப்ரின் அளவும் அவர்களிடம் இறங்கின. 2019-இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் 249 மாணவர்களிடம் செய்த ஆய்வில், பத்து நிமிடம் நாய் பூனைகளைத் தடவிக்கொடுத்தவர்களின் உமிழ்நீரில் மன அழுத்த ஹார்மோனான கார்டிசோல் குறைந்திருந்தது.

இதெல்லாம் அந்த நேரத்து ஆறுதல். நோய் குணமாகிவிடும் என்று யாரிடமும் சொல்லாதீர்கள். ஆனால் மூன்று வாரமாக ஊசியும் மாத்திரையும் ரத்தப் பரிசோதனையுமாகப் படுத்திருப்பவருக்கு, தன்னிடம் எதையும் கேட்காத ஒரு ஜீவன் பக்கத்தில் வந்து உட்காருவது சின்ன விஷயம் இல்லை.

இதை யாரோ திட்டம் போட்டுத் தொடங்கவும் இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது நியூ கினியில் டெங்கு காய்ச்சலோடு மருத்துவமனையில் கிடந்த பில் வின் என்ற அமெரிக்கச் சிப்பாயைப் பார்க்க, நண்பர்கள் அவருடைய நாயைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஸ்மோக்கி என்ற யார்க்ஷயர் டெரியர், இரண்டு கிலோகூட இருக்காது. அதைப் பார்த்த நர்சுகள், காயம்பட்டு வந்திருந்த மற்ற வீரர்களிடமும் அதை எடுத்துப்போனார்கள். முதல் தெரபி நாய் என்று இன்று பலரும் சொல்வது ஸ்மோக்கியைத்தான். அப்புறம் 1960களின் தொடக்கத்தில், போரிஸ் லெவின்சன் என்ற குழந்தை உளவியலாளர், யாரிடமும் பேசாமல் ஒடுங்கியிருந்த ஒரு சிறுவன் லெவின்சனுடைய ஜிங்கிள்ஸ் என்ற நாயிடம் ஒட்டிக்கொண்டதைக் கவனித்து, அதை மற்ற உளவியலாளர்கள் முன்னால் எடுத்துச் சொன்னார். அப்போது பலர் கேலி செய்தார்கள். 1976-இல் எலைன் ஸ்மித் என்ற நர்ஸ், தெரபி டாக்ஸ் இன்டர்நேஷனல் அமைப்பைத் தொடங்கினார். தன்னார்வலர்களும் அவர்களுடைய வீட்டு நாய்களுமாகப் பதிவுசெய்துகொண்டு போய்வரும் முறை அதன் பிறகுதான் வேரூன்றியது. பிரிட்டனில் பெட்ஸ் ஆஸ் தெரபி என்ற அமைப்பு 1983-இல் வந்தது.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம்.

எல்லாரிடமும் ஓடிப்போய் ஒட்டிக்கொள்வது நல்ல குணம். ஆனால் அதை மட்டும் வைத்து முடிவுக்கு வந்துவிடாதீர்கள். இளவயது லாப்ரடார் ஒட்டிக்கொள்வதில் பாதி பரபரப்பு. முன்னங்காலைத் தூக்கி மேலே போடும், முகத்தை நக்கும், வாலால் மேஜையில் இருப்பதைத் தட்டிவிடும். வீட்டில் அது செல்லம். எலும்பு தேய்ந்த எண்பது வயதுக்காரருக்கு அதே அன்பு இடுப்பு முறிவாக முடியலாம். தெரபி நாய்க்கு வேண்டிய குணம் வேறு மாதிரி: புது ஆள் வந்தால் ஆர்வத்தோடு போக வேண்டும், போன இடத்தில் நிதானமாக நிற்க வேண்டும், அந்த ஆள் தப்புத்தப்பாகத் தொட்டாலும் பதறக் கூடாது. இனம் முக்கியமில்லை. கலப்பின நாய்கள் அருமையாக இந்த வேலையைச் செய்கின்றன. நல்ல பரம்பரையில் வந்த கோல்டன் ரிட்ரீவர்கள் சில, வார்டு வாசலிலேயே திரும்பிவிடும்.

அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. சில நாய்கள் தொடுவதைப் பொறுத்துக்கொள்ளும். சில நாய்கள் அதைத் தேடி வரும். வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும், அமைதியாக உட்கார்ந்திருக்கும். வித்தியாசத்தை வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். உங்கள் நாய் அதிகம் பழகாத ஒரு நண்பரைக் கூப்பிட்டு, நாயின் தோள்பக்கத்தையோ மார்பையோ சில விநாடிகள் தடவச் சொல்லுங்கள். பிறகு கையை எடுத்துவிட்டு எதுவும் செய்யாமல் இருக்கச் சொல்லுங்கள். நாய் மூக்கால் கையை நெருடுகிறதா, உடம்பைச் சாய்க்கிறதா, ஒரு அடி முன்னால் வருகிறதா? அப்படியென்றால் இன்னும் வேண்டும் என்கிறது. முகத்தைத் திருப்பிக்கொள்கிறதா, உதட்டை நக்குகிறதா, எழுந்து உடம்பை உதறிவிட்டு உங்களிடம் வந்துவிடுகிறதா? 'போதும்' என்கிறது. வெவ்வேறு ஆட்களை வைத்து, வெவ்வேறு நாட்களில் செய்து பாருங்கள். வயதானவர், தொப்பி போட்டவர், குழந்தை, உரக்கப் பேசுபவர் என்று மாற்றிப் பாருங்கள். பெரும்பாலும் 'போதும்' என்றே பதில் வந்தால், அவன் அருமையான வீட்டு நாய். அவனை அப்படியே விட்டுவிடுங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2003-இல் தென்னாப்பிரிக்காவில் வெளியான ஒரு ஆய்வில், நாயைத் தடவும்போது மனிதருக்கும் நாய்க்கும் சேர்ந்தே, பாசத்தோடு தொடர்புடைய ஹார்மோனான ஆக்ஸிடோசின் கூடுவதைக் கண்டார்கள். கார்டிசோல் மட்டும் மனிதர்களிடம்தான் கணிசமாக இறங்கியது, நாய்களிடம் இறங்கவில்லை. நாய்க்கும் இது இனிமையான நேரமாக இருக்கலாம். ஆனால் நமக்குக் கிடைக்கும் நிம்மதி அதற்கும் கிடைத்திருக்கும் என்று நாமாக நினைத்துக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு முறையும் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நோயாளிக்காக நாயை வற்புறுத்தும் தன்னார்வலரை நான் நல்ல தன்னார்வலராக ஒருபோதும் நினைத்ததில்லை.

பயிற்சி பற்றி. உட்கார், படு, இரு, வா, லீஷ் இழுக்காமல் கூடவே நட என்ற அடிப்படைகள் எல்லாம் வேண்டும், அவற்றை நீங்களே சொல்லிக்கொடுத்துவிடலாம். நான் தனியாக எடுத்துச் சொல்வது 'விட்டுவிடு' என்ற கட்டளையை. மருத்துவமனைத் தரையில் மாத்திரை கிடக்கும். நோயாளியின் கையிலிருந்து நழுவி உருண்டு கட்டிலுக்கடியில் போயிருக்கும், யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். நாய் ஒரு விநாடியில் வாயில் போட்டுக்கொள்ளும். அது இதய நோய் மாத்திரையாகவோ சர்க்கரை மாத்திரையாகவோ இருந்தால் நாயின் உயிருக்கே ஆபத்து. அதனால் பிடித்த தின்பண்டமே மூக்குக்கு முன்னால் விழுந்தாலும் தலையைத் தூக்கி உங்களைப் பார்க்கும் அளவுக்குப் பழக்குங்கள். கூடவே வீல்சேர், வாக்கர், ஊன்றுகோல், சத்தம் போட்டு விழும் எவர்சில்வர் தட்டு, சக்கரம் வைத்த டிரிப்ஸ் ஸ்டாண்ட், லிஃப்ட், வழுக்கும் தரை எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சமாகக் காட்டுங்கள். ஒரே நாளில் எல்லாவற்றையும் காட்டினால் பயம்தான் மிஞ்சும்.

அதன் பிறகு மதிப்பீடு. அமைப்புக்கு அமைப்பு விதிகள் மாறும். அமெரிக்காவின் பெட் பார்ட்னர்ஸ் என்ற தெரபி விலங்கு அமைப்பின் விதிகளை உதாரணமாகச் சொல்கிறேன், ஏனென்றால் அவை பலருக்கும் முன்மாதிரி. நாய்க்குக் குறைந்தது ஒரு வயது ஆகியிருக்க வேண்டும். உங்கள் வீட்டில் ஆறு மாதமாவது வளர்ந்திருக்க வேண்டும். பச்சை இறைச்சி கொடுக்கக் கூடாது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு. ஒரு நாளில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வேலை கிடையாது. தேர்வில் யாராவது வந்து தாறுமாறாகக் கட்டிப்பிடிப்பார், ஒருவர் கோபமாகக் கத்துவார், பலர் ஒரே நேரத்தில் சூழ்ந்துகொள்வார்கள், இன்னொரு நாய் எதிரே கடந்துபோகும். அப்போது மதிப்பீட்டாளர் நாயைப் பார்க்கும் அளவுக்கு உங்களையும் பார்ப்பார். நாய் திணறும்போது நீங்கள் கவனித்தீர்களா, நடுவில் புகுந்து காப்பாற்றினீர்களா, அல்லது தேறவேண்டும் என்ற ஆசையில் லீஷை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றீர்களா? நாய் நன்றாக நடந்துகொண்டும் கையாள்பவரால் தேறாமல் போவது உண்டு. அது சரியான முறை என்றே நினைக்கிறேன்.

தேறிவிட்டால் எல்லா இடத்துக்கும் போகலாம் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பார்வையற்றவருக்கு வழிகாட்டும் நாய், வலிப்பு வருபவருக்கு உதவும் நாய் போன்றவை சேவை நாய்கள். அவை ஒருவருடைய உடற்குறைக்காகப் பயிற்சி பெற்றவை, பல நாடுகளில் சட்டப்படி பொது இடங்களுக்கு அவற்றை அழைத்துச் செல்லலாம். தெரபி நாய்க்கு அந்த உரிமை இல்லை. அழைத்த இடத்துக்கு, அழைத்த நேரத்துக்கு மட்டும் போகலாம். தெரபி நாயின் மேலாடையைப் போட்டு உணவகத்துக்குக் கூட்டிப்போகிறவர்கள், சேவை நாயை நம்பி வாழ்பவர்களுக்குக் கெடுதல் செய்கிறார்கள்.

இனி சுத்தம். இதில் சலுகையே கிடையாது. கனடாவில் லெஃபெவ்ர் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும், மருத்துவமனைகளுக்குப் போய்வரும் நாய்களையும் வேறு வகைத் தன்னார்வப் பணிக்குப் போகும் நாய்களையும் தொடர்ந்து பரிசோதித்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டார்கள். பல மருந்துகளுக்குக் கட்டுப்படாத எம்.ஆர்.எஸ்.ஏ. கிருமி மருத்துவமனை நாய்களிடம் தொற்றிக்கொள்ளும் வேகம் மற்ற நாய்களைவிட 4.7 மடங்கு இருந்தது. கடும் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் சி. டிஃபிசில் கிருமி 2.4 மடங்கு. நோயாளிகளை நக்கிய நாய்களுக்கும், நோயாளிகள் கையால் தின்பண்டம் வாங்கிய நாய்களுக்கும்தான் ஆபத்து அதிகம். நக்கக் கூடாது, நோயாளி ஊட்டக் கூடாது என்ற விதிகளைக் கேட்டு முகம் சுளிப்பவர்களிடம் இந்தக் கணக்கைத்தான் சொல்வேன். பச்சை இறைச்சி கூடாது என்பதும் இதே காரணம்தான். அதைத் தின்னும் நாயின் மலத்தில் சால்மொனெல்லா வெளியேறலாம், நாய் பார்க்க ஆரோக்கியமாகவே இருக்கும்.

ஆக, போவதற்கு முன்னால் ஒரு நாளுக்குள் குளிப்பாட்டி, முடியைச் சீவி, நகத்தை வெட்டி, வெட்டிய விளிம்பை அரத்தால் தேய்த்துவிடுங்கள். முதியவர்களின் தோல் காகிதம்போல மெல்லியது, சின்ன நகக்கீறலே ரணமாகிவிடும். தடுப்பூசி, குடற்புழு நீக்கம், உண்ணி மருந்து எல்லாம் கால்நடை மருத்துவரின் கையெழுத்தோடு இருக்கட்டும். நாய்க்கு வயிற்றுப்போக்கு, தோல் அரிப்பு, காதில் சீழ் என்று எது இருந்தாலும் அன்று போக வேண்டாம். உங்களுக்குச் சளி இருந்தாலும்தான். நோயாளி தொடுவதற்கு முன்னும் பின்னும் கையில் சானிடைசர் போட வேண்டும், நீங்களும் ஒவ்வொரு அறைக்கும் இடையில் போட வேண்டும். கட்டிலில் ஏற்றுவதென்றால் ஒவ்வொருவருக்கும் புது விரிப்பு. தனிமைப்படுத்தப்பட்ட அறை, மண்ணீரல் அகற்றப்பட்டவர், வெள்ளையணு மிகவும் குறைந்தவர், திறந்த புண்ணோடு இருப்பவர் ஆகியோரிடம் போகக் கூடாது. யாரிடம் போகலாம் என்று நர்ஸ் கொடுக்கும் பட்டியலே இறுதி. அதில் இல்லாதவர் எவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டாலும், முதலில் நர்சிடம் போய்க் கேளுங்கள்.

அறைக்குள் போவதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். வாசலில் நின்று, நாயை உட்கார வைத்து, "நாய் ஒன்று வந்திருக்கிறது, பார்க்க விருப்பமா?" என்று கேளுங்கள். மருத்துவமனையில் படுத்திருப்பவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. ஊசி போட வருபவர், தரை துடைக்க வருபவர், ரத்தம் எடுக்க வருபவர் எல்லாரும் நேரே உள்ளே வந்துவிடுகிறார்கள். 'வேண்டாம்' என்று சொல்ல ஒரு வாய்ப்பு கிடைப்பதே சிலருக்குப் பெரிய மரியாதை. நாயென்றால் பயப்படுபவர் இருப்பார், ஒவ்வாமை உள்ளவர் இருப்பார், மத நம்பிக்கையால் தொட விரும்பாதவர் இருப்பார். சிரித்த முகத்தோடு நன்றி சொல்லிவிட்டு நகருங்கள். பக்கத்துக் கட்டிலில் இருப்பவரிடமும் கேட்க மறக்காதீர்கள்.

சம்மதித்தால், டிரிப்ஸ் ஏறும் கை எந்தப் பக்கம், சிறுநீர்ப் பை எங்கே தொங்குகிறது, ஆக்சிஜன் குழாய் எப்படிப் போகிறது என்று பார்த்துக்கொண்டு எதிர்ப்பக்கமாகப் போங்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு, அதில் நாயை உட்கார வைத்தால் கைக்கு எட்டும். பெரிய நாயென்றால் பக்கவாட்டில் நிறுத்தி, முதுகையோ தோளையோ நோயாளியின் கைக்குக் காட்டுங்கள், நாயின் முகம் உங்கள் பக்கம் இருக்கட்டும். அப்போது நக்கவும் முடியாது, நாயின் கண்ணும் காதும் உங்கள் பார்வையிலேயே இருக்கும். லீஷ் எப்போதும் உங்கள் கையில். தளர்வாகவும் குட்டையாகவும் பிடியுங்கள், வாக்கரின் காலில் சுற்றிக்கொள்ள விடாதீர்கள்.

பிறகு பெரும்பாலும் நீங்கள் பேச வேண்டியதே இருக்காது. பலர் தாங்கள் வளர்த்த நாயைப் பற்றிச் சொல்ல ஆரம்பிப்பார்கள். மறதிநோய் உள்ளவர் பெற்ற பிள்ளையின் பெயரை மறந்திருப்பார், சின்ன வயதில் வளர்த்த நாயின் பெயரைச் சொல்வார். திருத்தாதீர்கள், கேளுங்கள். பக்கவாதம் வந்து வலது கை வராமல், பிசியோதெரபியில் மனமில்லாமல் இருந்த ஒரு பெண்மணியிடம், தெரபிஸ்ட் ஒரு பிரஷைக் கொடுத்து என் நாயின் முதுகைச் சீவச் சொன்னார். முதலில் விரல்கள் பிரஷைப் பிடிக்கவே இல்லை. இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டு, கழுத்திலிருந்து வால்வரை ஒரே ஒரு இழுப்பு இழுத்தார். நாய் இன்னும் கொஞ்சம் அவர் பக்கம் சாய்ந்துகொண்டது. அவர் மறுபடி இழுத்தார். தெரபிஸ்ட் எண்ணிக்கொண்டிருந்தார், அந்தப் பெண்மணி எண்ணவில்லை. இப்படி மருத்துவக் குழுவினர் குறிக்கோள் வைத்து, குறிப்பெழுதி நடத்துவது சிகிச்சை. நீங்கள் சும்மா போய்ப் பார்த்துவிட்டு வருவது ஆறுதல் சந்திப்பு. இரண்டுக்கும் மதிப்பு உண்டு, ஆனால் சிகிச்சையை அதற்குப் படித்தவர் இல்லாமல் நீங்களாக நடத்தப் பார்க்காதீர்கள். அறையில் கேட்டதை வெளியே சொல்லாதீர்கள், அனுமதியில்லாமல் படம் எடுக்காதீர்கள்.

இவ்வளவு நேரமும் உங்கள் ஒரு கண் நாயின் மேல் இருக்க வேண்டும். தூக்கம் வராத நேரத்துக் கொட்டாவி, பசியில்லாதபோது உதட்டை நக்குவது, கண்ணின் வெள்ளை தெரிய ஓரமாகப் பார்ப்பது, காதைப் பின்னால் மடிப்பது, வெயிலில்லாமல் மூச்சிரைப்பது, முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நிற்பது, திடீரென்று உடம்பு விறைப்பது: இவையெல்லாம் களைப்பின், சங்கடத்தின் அடையாளங்கள். ஒன்று தெரிந்தால் சற்று இடம் விடுங்கள். இரண்டு மூன்று சேர்ந்து வந்தால் விடைபெறுங்கள். இன்னும் நான்கு பேர் காத்திருக்கிறார்களே என்று தோன்றும். அவர்களிடம் நாய் களைத்துவிட்டது என்று உண்மையைச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்வதில்லை. உடம்பு களைப்பது என்னவென்று அவர்களுக்குத் தெரியாதா? இரண்டு மணி நேரம் என்பது உச்சவரம்பு, புது நாய்க்கு அரை மணி நேரமே நிறைய. உறுமலை அடக்கும்படி ஒருபோதும் பழக்காதீர்கள். எச்சரிக்கை கொடுக்கத் தெரியாமல் போன நாய் நேராகக் கடிக்கத்தான் போகும்.

மருத்துவமனை ஒத்துவராவிட்டால் வேறு இடங்கள் உண்டு. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் 1999-இல் தொடங்கிய ஒரு திட்டத்தில், திக்கித்திக்கிப் படிக்கும் குழந்தைகள் நாய்க்குப் புத்தகம் வாசித்துக் காட்டுகிறார்கள். தப்பாகப் படித்தாலும் நாய் குறுக்கிடாது. அமைதியான, கொஞ்சம் வயதான நாய்க்கு இது மிகப் பொருத்தம். லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் 2013 முதல் நாய்கள் பயணிகளிடையே உலா வருகின்றன, அதற்குக் கூட்டமும் அறிவிப்புச் சத்தமும் பிடித்த நாய் வேண்டும். பேரிடர் நடந்த இடங்களுக்குப் போவது இன்னொரு நிலை. அதற்குத் தனிப் பயிற்சி தேவை, தொடக்கத்திலேயே ஆசைப்படாதீர்கள்.

உங்களுக்கும் ஒரு வார்த்தை. வாராவாரம் பார்த்தவரின் கட்டில் ஒரு நாள் காலியாக இருக்கும். நர்ஸ் விவரம் சொல்ல முடியாமல் தலையை மட்டும் அசைப்பார். அந்தத் துக்கத்தைப் பேச இன்னொரு தன்னார்வலரின் துணை இருக்கட்டும். ஓரிரு வாரம் போகாமல் இருந்தாலும் குற்றமில்லை.

உங்கள் பையனுக்குப் பத்து மாதம்தானே, அவசரமே இல்லை. இப்போது 'விட்டுவிடு' பழக்குங்கள், மேலே தாவுவதை நிறுத்தப் பழக்குங்கள், அந்தத் தொட்டுப் பார்க்கும் சோதனையை மாதாமாதம் செய்யுங்கள். லாப்ரடார்கள் நிதானத்துக்கு வர இரண்டு வயது ஆகும், சிலவற்றுக்கு மூன்று. அதற்குள் நாயில்லாமல் நீங்கள் மட்டும் ஒரு முதியோர் இல்லத்திலோ மருத்துவமனையிலோ தன்னார்வலராகச் சேர்ந்துவிடுங்கள். அந்த இடத்தின் வாசனை, சத்தம், நர்சுகளின் வேலை முறை, நோயுற்றவரிடம் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் உங்களுக்கு முன்கூட்டியே பழகியிருந்தால், முதல் நாள் அவனோடு உள்ளே போகும்போது உங்கள் கவனம் முழுவதும் அவனுக்குக் கிடைக்கும். பிறகு, சந்திப்புக்குப் போகும் நாளில் மேலாடையை எடுக்கும்போது அவன் என்ன செய்கிறான் என்று பாருங்கள். வாசலுக்கு ஓடினால் போகலாம். சோபாவுக்குப் பின்னால் போனால் அன்று வேண்டாம். அப்படிப் பல முறை நடந்தால் ஓய்வு கொடுத்துவிடுங்கள், அவனுக்கு வயது நான்கானாலும் சரி, பத்தானாலும் சரி.